ஆமென் கிடைக்காத சாட்சி

சபைகளின் வழியே உடல்நலப் பணி செய்ய வந்திருக்கும் உங்களுக்கு, பிரஷர் பார்ப்பது எப்படி, சர்க்கரைப் பரிசோதனைக்கு விரலில் எந்த இடத்தில் குத்துவது என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்திருப்பார்கள். அவற்றோடு சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல் ஒரு நேர்மையான மனிதரைப் பக்கவாதத்தின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குத் துணைநின்றவர்கள் கெட்டவர்களும் அல்லர். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறவர்கள், வீட்டில் மரணம் நேர்ந்தால் முதல் ஆளாக வந்து நிற்கிறவர்கள். ஓய்வுபெற்றுவிட்ட பிறகும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் ஆறுவதில்லை. ஆறவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

சொல் இதுதான்: சுகம். ஒருவரைச் சந்திக்கும்போது ‘சுகமா?’ என்று கேட்கிறோம். நலமா, நாள் நன்றாகப் போகிறதா என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நம் சபைகளிலோ அதே சொல்லுக்கு இன்னொரு கனமான பொருள் உண்டு. சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, ‘கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார்’ என்று சொன்னால், நோய் அடியோடு போய்விட்டது, மருந்துக்கும் மருத்துவருக்கும் இனி வேலை இல்லை என்று சபை புரிந்துகொள்கிறது. ‘பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது’ என்று மருத்துவர் சொல்வதற்கும் இதற்கும் நடுவே ஹூக்ளி ஆற்றளவு அகலம் இருக்கிறது. கட்டுக்குள் இருக்கிறது என்று யாரும் சாட்சி சொல்வதில்லை. சொன்னால் ஆமென் கிடைக்காது.

நான் அப்போது உடல்நலப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த கல்கத்தா தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. காலையில் வங்காளிகளும் பிறகு ஆங்கில ஆராதனைக்காரர்களும் கூடிப் போன ஆலயத்தில், பிற்பகலில் நாங்கள் கூடுவோம். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் மாற்றலாகி வந்த குடும்பங்கள், வங்கி அதிகாரிகள், நியூ டவுனிலிருந்து ஆப் கேபில் வந்து இறங்கும் இளைஞர்கள், ஹவுராவிலிருந்து ஃபெர்ரி ஏறி வரும் பட்டறைத் தொழிலாளர்கள் என்று ஒரு கலவை. ஆராதனை முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் நாங்கள் மேசை போட்டு பிரஷர் பார்ப்போம். கூடத்தின் மறுகோடியில் தேநீரும் சிங்காரா என்ற வங்காளச் சமோசாவும் விநியோகமாகும். உப்பைக் குறையுங்கள் என்று நான் இந்த மூலையில் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த மூலையில் சூடான சிங்காராவின் மேல் கறுப்பு உப்பைத் தூவிக்கொண்டிருப்பார்கள். அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். சிரிக்க முடியாதது வேறு.

ஆண்டுக்கு ஒருமுறை நல்வாழ்வு ஞாயிறு என்று ஒரு நாளை அனுசரித்தோம். அன்று ஒருவர் தம் உடல்நலத்தைக் குறித்துச் சாட்சி சொல்லவேண்டும் என்பது சபைச் செயலாளரின் ஏற்பாடு. அவர் ஒரு வங்கியில் உயர் அதிகாரி. பேச்சுத் திறன் உள்ளவர். எதையும் திருத்தமாகச் செய்பவர். முந்தைய ஆண்டு ரூபி டீச்சர் பேசியிருந்தார். பெஹாலாவில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். ‘என் சர்க்கரை வியாதி சுகமாயிற்று’ என்று அவர் முடித்தபோது எழுந்த ஆமென் அந்தப் பழைய ஆலயத்தின் மரக்கூரையை அதிரவைத்தது. இந்த ஆண்டுக்கு ஞானராஜின் பெயர் அறிவிக்கப்பட்டது.

ஞானராஜ் ஹவுராவில் ஒரு வார்ப்படப் பட்டறையின் ஃபோர்மன். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று அடிக்குரல் பாடுவார்; அவர் வராத வாரம் பாட்டுக்கு அடித்தளம் இல்லாமல் போகும். எங்கள் மேசையில்தான் அவருடைய இரத்த அழுத்தம் முதன்முதலில் தெரியவந்தது. மாத்திரை தொடங்கினார், கருவாட்டைக் குறைத்தார், படகுத்துறைக்கு நடந்தே போனார். அழுத்தம் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. இப்படி ஒரு மனிதர் கிடைப்பதற்காகத்தான் நாம் இந்தப் பணியைச் செய்கிறோம்.

நல்வாழ்வு ஞாயிற்றுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தபோது ஒருநாள் அவர் மேசை முன் உட்கார்ந்தார். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். கருவி பழுதோ என்று எண்ணி மறு கையிலும் பார்த்தேன். மேல் எண் இருநூற்றைத் தாண்டியிருந்தது.

“மாத்திரை தீர்ந்துபோச்சா?” என்று கேட்டேன்.

“தீரல அக்கா. நிறுத்திட்டேன்.”

“ஏன்?”

அவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “சபைக்கு முன்னால பொய் சொல்லப்பிடாதுல்லா. சுகமாயிட்டேன்னு செக்ரட்டரி சார் எழுதிக் குடுத்துட்டாவ. காலைல மாத்திரைய முழுங்கிட்டு, சாயந்திரம் வந்து சுகமாயிட்டேன்னு எந்த வாய வச்சுச் சொல்ல?”

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நானும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் தம் சாட்சி உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக மருந்தை நிறுத்தியிருந்தார். சோம்பலோ மறதியோ அல்ல, நேர்மை. நாம் படித்த பாடங்களில் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு ஆயிரம் காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். நேர்மை என்ற காரணத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

அவரை உடனே டாக்ஸியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னிடம் ஆங்கிலத்தில், “இவர்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை” என்றார். ஞானராஜுக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியும். சொன்ன பேச்சை அவர் மிகையாகக் கேட்டதுதான் பிரச்சினை என்று அந்த மருத்துவரிடம் யார் விளக்குவது? அழுத்தத்தை இறக்கி, மாத்திரையை அன்றே தொடங்கும்படி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் ஞானராஜ், “சாட்சி முடியட்டும் அக்கா. பொறவு பாத்துக்கிடலாம்” என்றார்.

“அதுவரைக்கும் தாங்காது. உங்க பேரை எடுத்துடச் சொல்றேன்.”

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். “அத மட்டும் செஞ்சிராதிய.”

அவர் விளக்கவில்லை. எனக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. அது அதிகாரிகள் நிறைந்த சபை. வேத வாசிப்புக்கும் வரவேற்புரைக்கும் மைக்கின் முன்னால் அழைக்கப்படுகிறவர்கள் எப்போதும் அதே சிலர். கடைசி வரிசையில் நின்று பாடியே தலை நரைத்த பட்டறைக்காரர் ஒருவரின் பெயர் முதன்முறையாகச் சபையின் அறிவிப்புத் தாளில் அச்சாகியிருந்தது. அதை எடுத்துவிட்டால் அவர் உடல் பிழைக்கலாம். சபைக்குள் அவர் மறுபடியும் நிமிர்ந்து நிற்கமாட்டார். ஒருவரின் உயிரைக் காக்கிறேன் என்று சொல்லி அவருடைய மானத்தைப் பிடுங்க நமக்கு உரிமை உண்டா என்பதை நீங்களும் ஒருநாள் எடைபோட வேண்டியிருக்கும்.

பெயர் இருக்கட்டும், வாசகத்தை மாற்றலாம் என்று முடிவு செய்து ஆயரிடம் போனேன். ஆராதனை உடைகள் தொங்கும் சிறு அறையில் அவர் இருந்தார். செயலாளரும் உடன் இருந்தார். ஞானராஜின் பேரைச் சொல்லாமல் பேச வழியில்லை. அவர் அனுமதியோடுதான் வந்திருந்தேன். நடந்ததைச் சொல்லி, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லும்படி சாட்சியை மாற்றவேண்டும் என்றேன்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சிஸ்டர், நீங்க செய்யுற வேலை மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு யோசிங்க. மாத்திரை சாப்பிட்டு பிரஷர் குறைஞ்சுதுன்னா அது மருந்துக் கடைக்காரனுக்குச் சாட்சி. கர்த்தருக்கு அது எப்படிச் சாட்சியாகும்?”

ஆயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

“அவருக்குப் பக்கவாதம் வந்தா அது யாருக்குச் சாட்சி, சார்?” என்றேன்.

“நாங்க யாரும் மாத்திரைய நிறுத்தச் சொல்லலையே. மாத்திரையைப் பத்திப் பேச வேண்டாம்னுதான் சொன்னோம். பேச்சு பலவீனமாயிடும். போன வருஷம் ரூபி டீச்சர் எப்படிச் சொன்னாங்க? எத்தனை பேர் கண்ணைத் துடைச்சாங்க?”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். அந்தச் செயலாளரும் எங்கள் மேசைக்கு வருகிறவர்தான். கூட்டம் கலைந்த பிறகு, கடைசி ஆளாக. ஞானராஜ் நிறுத்திய அதே மாத்திரை அவருடைய சட்டைப் பையிலும் இருந்தது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்போது ஆயர், எதையும் அறியாமல், என்னைப் பார்த்துக் கேட்டார்:

“நம்ம சபையில இந்த மாத்திரை சாப்பிடுறவங்க நிறைய இருக்காங்களா, சிஸ்டர்? நம்ம கமிட்டியிலயே யாராவது இருக்காங்களா?”

செயலாளர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். வாதம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த வாக்கியம் என் நாக்கின் நுனிவரை வந்து நின்றது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் அதைச் சொன்ன நாளிலிருந்து அந்தக் கூடத்தில் யாரும் எங்களிடம் கையை நீட்டமாட்டார்கள். ஒருவரை மடக்குவதற்காக நூறு பேருடைய நம்பிக்கையை விற்கமுடியாது. அதுவும் அந்த ஒருவர் நம்மை நம்பிக் கையை நீட்டியவராக இருக்கும்போது.

“அதை நான் சொல்லக்கூடாது, ஐயா” என்றேன்.

செயலாளர் மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கி, ஆயரைப் பார்த்துப் புன்னகைத்தார். “பாத்தீங்களா, அவங்ககிட்டயே பதில் இல்லை.”

என் மௌனத்தால் காப்பாற்றப்பட்ட மனிதர் அந்த மௌனத்தையே எனக்கு எதிரான சான்றாக எடுத்துக்காட்டினார். இந்தப் பணியில் நான் விழுங்கியவற்றுள் அதைவிடக் கசப்பானது வேறில்லை. ஆயரோ, “ஞானராஜுக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லட்டும்” என்று எழுந்துகொண்டார். இதை நடுநிலை என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் வங்கி அதிகாரி, வாசிக்கவேண்டியவர் பட்டறைத் தொழிலாளி. அந்த இருவருக்கும் நடுவே நின்று, உனக்குச் சரியென்று பட்டதைச் சொல் என்று தொழிலாளியிடம் சொல்வது நடுநிலை ஆகாது. தராசு சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்போது கையைக் கட்டிக்கொள்பவர் கனமான தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த நாளே ஃபெர்ரி ஏறி ஹவுராவுக்குப் போனேன். ஞானராஜின் வீட்டில் அவர் மனைவி ஜெயா கதவைத் திறந்ததுமே, “வாங்க அக்கா, நீங்களாவது கேளுங்க” என்று தொடங்கிவிட்டார். ஞானராஜ் கட்டிலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியோடு வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டை ஜன்னல் விளிம்பில் உடைக்கப்படாமல் கிடந்தது.

“ரூபி டீச்சர் சுகம்னுதான சொன்னாவ? அவிய நல்லாத்தான இருக்காவ?” என்றார் ஞானராஜ்.

“கண்ணாடி இல்லாம இவியளுக்கு ஒரு வசனம் வாசிக்க வராது” என்றார் ஜெயா என்னிடம். “அதையும் கழத்தி வச்சிட்டுப் போயி மைக் முன்னால நிக்கச் சொல்லுங்க. கர்த்தர் கண்ணத் தாராரா பாப்போம்.”

“கண்ணாடி போட்டுக்கிட்டு எவனும் கண்ணு சுகமாயிட்டுன்னு சொல்லலட்டி.”

“நீங்க மட்டும் ஏன் சொல்லணும்?”

ஞானராஜ் வேதாகமத்தை மூடினார். நான் விசுவாசத்தைப் பற்றி வாதாடவில்லை. அதில் அவர் என்னைவிட ஆழமானவர். ஒன்றை மட்டும் கேட்டேன். “நீங்க மாத்திரைய நிறுத்தினது பொய் சொல்லக்கூடாதுன்னு. சரி. உங்க சாட்சியக் கேட்டுட்டு, பின் பெஞ்சில உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தர் நாளைக்கு நிறுத்தினா? அவர் யாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். ஜெயா ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் விடைபெறும்வரை அந்தத் தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் என்ன முடிவு செய்தார் என்பது தெரியாமல்தான் படகில் திரும்பினேன்.

நல்வாழ்வு ஞாயிறன்று செயலாளர் அவரை அழகாக அறிமுகம் செய்தார். ஞானராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். எழுதிக் கொடுக்கப்பட்ட தாள் அவர் கையில் இல்லை.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று தொடங்கினார். “எனக்குப் பிரஷர் உண்டு. மாத்திரை சாப்பிடுதேன். நடுவுல நிறுத்துனேன், அது தப்பு. இன்னைக்குக் காலைலயும் சாப்பிட்டுட்டுத்தான் வந்து நிக்கேன். நாளைக்கும் சாப்பிடுவேன். எனக்குச் சுகம் ஆகல.” சற்று நிறுத்தினார். “ஆனா சுகமா இருக்கேன். அதுக்காகக் கர்த்தருக்கு நன்றி.”

அவ்வளவுதான். என் பணிக்காலம் முழுவதும் நான் சொல்ல முயன்ற ஒன்றை, அந்த ஒரே சொல்லின் இரு பொருள்களையும் அருகருகே வைத்து அவர் சொல்லி முடித்துவிட்டார்.

ஆமென் வரவில்லை. ஒரு குரல்கூட எழவில்லை. மக்கள் ஆயரைப் பார்த்தார்கள். ஆயர் வேதாகமத்தின் பக்கங்களைப் புரட்டினார். பொய்யாயிருந்தால் கூரையை அதிரவைத்திருப்பார்கள். உண்மைக்கு ஓர் இருமல்தான் கிடைத்தது. செயலாளர் எழுந்து அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். எதையும் திருத்தமாகச் செய்யும் அந்த மனிதர் தவறான எண்ணைச் சொல்லிவிட்டார். ஆர்கன் வாசிப்பவர் குழம்பிப்போய் ஆரம்பிக்கவே இல்லை. அதற்கு நான் பொருள் எதுவும் கற்பிக்கப்போவதில்லை. ஞானராஜ் தனியாகத் தம் கடைசி வரிசைக்கு நடந்து போனார்.

அன்று கூடத்தில் எங்கள் மேசையின் முன் வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அதன் முடிவில் ரூபி டீச்சர் நின்றிருந்தார். முந்தைய ஆண்டுச் சாட்சிக்குப் பிறகு அவர் எங்கள் பக்கமே வந்ததில்லை. சுகமானவருக்கு அங்கே என்ன வேலை என்று எல்லோரும் எண்ணியிருந்தோம்.

நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினார். “சாட்சி சொன்ன நாள்லேர்ந்து மருந்து எடுக்கல, சிஸ்டர். அப்ப கன்ட்ரோல்ல இருந்துச்சு. அதத்தான் சுகம்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு எப்படிப் போய் மருந்து வாங்குறது? மருந்துக் கடைக்கார வங்காளி அண்ணனும் நம்ம சபைக்காரங்களுக்குத் தெரிஞ்சவர்.” பிறகு சேர்த்துக்கொண்டார்: “போர்டுல எழுதுறது ரெண்டு மாசமா மங்கலாத் தெரியுது.”

கருவி மிக உயர்ந்த எண்ணைக் காட்டியது. அன்று மாலையே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஒரு கண்ணின் பார்வையில் கொஞ்சம் போயிருந்தது. போனது திரும்பாது என்றார்கள். மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். கூரை அதிர ஆமென் சொன்னோமே, அதன் விலையை அந்தப் பெண் தனியாகச் செலுத்தியிருந்தார்.

திரும்பும் வழியில் அவர் கேட்டது ஒன்றுதான். “அடுத்த வாரம் சாட்சி நேரத்துல எனக்கு ஒரு இடம் போடச் சொல்லுங்க.”

நான் கேட்டுப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் சாட்சி நேரம் நிரம்பிவிட்டது என்று செயலாளரிடமிருந்து பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும் தறுவாயில், வழக்கம்போல் ஆயர் கேட்டார்: “வேறு அறிவிப்புகள் ஏதாவது விடுபட்டிருக்கா?” கூடத்துச் சாவி, பாட்டுப் பயிற்சி, தொலைந்த குடை ஆகியவற்றுக்கான நேரம் அது. ரூபி டீச்சர் இருந்த இடத்திலேயே எழுந்தார். மைக் இல்லை. முப்பது மாணவிகள் அமர்ந்த வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பேசிப் பழகியவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

“ஏக் மினிட், ஐயா. ஒரு திருத்தம் இருக்கு. போன வருஷம் நான் சொன்ன சாட்சியில விடை தப்பு. எனக்குச் சுகர் போகல. மருந்த விட்டதால கண்ணுதான் கொஞ்சம் போச்சு. என் பேச்சக் கேட்டு இங்க யாராவது மருந்த நிறுத்தியிருந்தா, இன்னிக்கே மறுபடி ஆரம்பிச்சிடுங்க. அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முந்தைய வாரத்தின் அதே அமைதி இறங்கியது. ஆயர் ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தத் தயங்கினார். அப்போது பாடகர் குழுவின் கடைசி வரிசையிலிருந்து, அந்த ஆலயத்தில் எல்லோருக்கும் தெரிந்த அடிக்குரலில், ஒற்றை ஆமென் எழுந்தது.